நான்காம் நிலைப் பெருங்குடல் புற்றுநோய் என்று தெரிந்த முதல் வாரங்களை எப்படிக் கடப்பது?

போன வாரம்தான் தெரிந்தது, கல்லீரலுக்கும் பரவியிருக்கிறதாம், இரவில் தூக்கமே இல்லை, வீட்டில் எல்லோரும் "தைரியமாக இரு" என்கிறார்கள், அந்தத் தைரியம் எங்கிருந்து வரும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, 44 வயதில், இதையேதான் எனக்கும் சொன்னார்கள். தைரியம் வரும் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை, இன்று வரைக்கும் வரவில்லை. அது இல்லாமலேயே காரியங்கள் நடக்கும் என்பது மட்டும் புரிந்தது. அந்தக் காரியங்களைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். நான் மருத்துவர் இல்லை, நோயாளி. அதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முடிவைச் சொன்ன நாளில் மருத்துவர் இருபது நிமிடம் பேசினார். என் காதில் விழுந்தது "நான்கு" என்ற ஒரு சொல்தான். என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார், அவர் பார்த்துக்கொள்வார் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்தால், ஒரு பக்கம் முழுவதும் "கல்லீரல்" என்று மூன்று இடத்தில் எழுதி, மூன்றாவதின் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார். வேறு ஒன்றும் இல்லை. அவரும் எதையும் கேட்கவில்லை.

ஆகவே முதல் காரியம், அடுத்த சந்திப்புக்கு உங்களை மிகவும் நேசிப்பவரை மட்டும் நம்பிப் போகாதீர்கள். நான் என் நாத்தனாரை அழைத்துப் போனேன். எங்கள் இருவருக்கும் அவ்வளவாக ஒட்டுதல் கிடையாது, பேச்சு எப்போதும் அளவோடுதான். அதனாலேயே அவர் பொருத்தமானவராக இருந்தார். மருத்துவர் பேசும்போது அவருக்குக் கண் கலங்கவில்லை. "டாக்டர், அண்ணிக்கு ஆபரேஷன் செய்ய முடியுமா, முடியாதா? இப்போது முடியாது என்றால், மருந்து கொடுத்துச் சுருங்கிய பிறகு முடியுமா? இதைக் கல்லீரல் அறுவை நிபுணர் யாராவது பார்த்தாரா, நீங்களாகச் சொல்கிறீர்களா?" என்று வரிசையாகக் கேட்டார். எனக்குக் கூச்சமாக இருந்தது. மருத்துவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஸ்கேன் படங்களை வெளியே ஒரு கல்லீரல் அறுவை நிபுணருக்கு அனுப்பினார். என் சிகிச்சையின் பாதை மாறியது அந்த மூன்றாவது கேள்வியால்தான்.

அந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். குடலிலிருந்து திரும்பும் இரத்தம் நேராக இதயத்துக்குப் போவதில்லை, முதலில் கல்லீரல் வழியாகப் போகிறது. பெருங்குடலிலிருந்து தப்பிய செல்கள் பெரும்பாலும் அங்கே சிக்கி வளர்வது அதனால்தான். அவை கல்லீரலில் இருந்தாலும் பெருங்குடல் செல்களே. உங்களுக்கு இரண்டாவதாகக் கல்லீரல் புற்றுநோய் என்று தனியாக ஒன்று வந்துவிடவில்லை. (இதை உறவினர்களுக்கு விளக்கி விளக்கி நான் சலித்துப்போனேன்.) கல்லீரலில் மட்டும், எடுக்கக்கூடிய இடத்தில் இருந்தால் வெட்டி எடுக்கிறார்கள். ஆரோக்கியமான கல்லீரலில் பாதிக்கு மேல் போனாலும் மீதி சில வாரங்களில் வளர்ந்துவிடும். அப்படித் தேர்ந்தெடுத்து அறுவை செய்யப்பட்டவர்களில் நூற்றுக்குச் சுமார் 40 பேர் ஐந்து ஆண்டுகளைக் கடக்கிறார்கள், ஒரு சிறு பகுதியினருக்கு நோய் திரும்புவதே இல்லை. எல்லோருக்கும் இந்த வழி திறக்காது. உங்களுக்குத் திறக்குமா என்பதைக் கல்லீரல் அறுவையே தொழிலாகக் கொண்ட ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது.

இரண்டாவது காரியம் பயாப்சி மாதிரியில், அதாவது கட்டியிலிருந்து கிள்ளி எடுத்த சதைத் துணுக்கில் செய்யும் மரபணுப் பரிசோதனை. நோயின் பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே அது பல நோய்கள். கே-ராஸ், என்-ராஸ் என்ற மரபணுக்களில் மாற்றம் இருந்தால் செடுக்சிமாப், பானிட்டுமுமாப் என்ற மருந்துகள் பெரும்பாலும் பயன் தராது. மாற்றம் இல்லாவிட்டாலும், கட்டி பெருங்குடலின் இடப்பக்கம் இருந்தால்தான் அவை நன்றாக வேலை செய்கின்றன. பி-ராஃப் என்று இன்னொன்றும் உண்டு, அதற்குத் தனி மருந்துகள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் முக்கியமானது எம்எஸ்ஐ என்ற சோதனை, டிஎன்ஏவில் வரும் பிழைகளைத் திருத்தும் வேலை கட்டியின் செல்களில் பழுதாகியிருக்கிறதா என்று அது காட்டும். நான்காம் நிலையில் நூற்றில் ஐந்து பேருக்குத்தான் அது உயர்ந்திருக்கும். அந்த ஐவரில் ஒருவராக நீங்கள் இருந்தால், உடலின் எதிர்ப்புச் சக்தியையே நோயின் மேல் திருப்பிவிடும் பெம்ப்ரோலிசுமாப் போன்ற மருந்தை முதலிலேயே கொடுக்க முடியும். 2020 முதல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி இருக்கிறது, கீமோவைவிட நீண்ட காலம் நோயைக் கட்டுப்படுத்தியதாகச் சோதனையில் தெரிந்தது. நான் அந்த ஐவரில் இல்லை. ஆனாலும் கேட்டுத் தெரிந்துகொண்டதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது.

கீமோ தொடங்குவதற்கு முன் டிபிடி என்ற நொதிக் குறைபாட்டுக்குச் சோதனை செய்தார்களா என்றும் கேளுங்கள். இந்த நோய்க்குக் கொடுக்கும் முதன்மையான மருந்து ஃபுளூரோயூராசில். அதை உடைக்கும் நொதி சிலருக்குப் பிறவியிலேயே குறைவாக இருக்கும். அவர்களுக்கு வழக்கமான அளவு மருந்தே நஞ்சாகிவிடும்.

இனி எண்கள். இரவு இரண்டு மணிக்குப் போனைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் என்ன தேடுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும், நானும் அதையேதான் தேடினேன். அங்கே சொல்லப்படும் மாதக் கணக்கு பெரும்பாலும் இடைநிலை அளவு. நூறு பேரை வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் கணக்கு அது. அவருக்கு முன்னால் ஐம்பது பேர் இருக்கிறார்கள், அதை மறைக்க விரும்பவில்லை. பின்னாலும் ஐம்பது பேர் இருக்கிறார்கள், அந்தப் பக்கம் வரிசை வெகுதூரம் நீள்கிறது. ஃபுளூரோயூராசில் மட்டுமே இருந்த காலத்தில் அந்த நடு ஆள் ஏறக்குறைய ஓர் ஆண்டில் நின்றார். அண்மைக்காலச் சிகிச்சைச் சோதனைகளில் அவர் இரண்டரை ஆண்டுகளுக்கு அருகில் நிற்கிறார். ஐந்தாண்டுக் கணக்கு என்று எதைப் படித்தாலும், அது ஐந்து ஆண்டுகளுக்கு முன்பாவது நோய் தெரிந்து, அன்றைக்கு இருந்த மருந்துகளை வாங்கியவர்களின் கணக்கு. மரபணு முடிவும் அறுவை நிபுணரின் பதிலும் வரும்வரைக்கும் அந்த வரிசையில் உங்கள் இடம் எது என்று உங்கள் மருத்துவருக்கே தெரியாது. அதற்குள் போனில் தேடி என்ன கிடைக்கும்? நான் போனை இரவில் கூடத்திலேயே வைத்துவிட்டுப் படுக்கப் பழகினேன். அதற்கே ஒரு மாதம் ஆயிற்று.

கீமோவைப் பற்றி நிறைய சொல்லலாம், ஆனால் ஆளுக்கு ஆள் வேறுபடும். என் விஷயத்தில் நெஞ்சுத் தோலுக்கு அடியில் போர்ட் என்று, மருந்து ஏற்றுவதற்கான ஒரு சிறு கருவியை வைத்தார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மருத்துவமனையில் சில மணி நேரம், பிறகு 46 மணி நேரத்துக்கு ஒரு பம்ப். பம்ப் என்றதும் பெரிதாகக் கற்பனை செய்து பயந்திருந்தேன். குழந்தையின் பால் புட்டி அளவில் ஒரு பிளாஸ்டிக் குடுவை, அதற்குள் மருந்து நிரம்பிய பலூன், அவ்வளவுதான். இடுப்பில் ஒரு பையில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம். பலூன் இரண்டு நாளில் மெல்லமெல்லச் சுருங்கும். அப்போது பதினொரு வயதாகியிருந்த என் மகள் பள்ளிக்குக் கிளம்பும்போது அதைக் குனிந்து பார்த்து, "அம்மா, எலுமிச்சை அளவுக்கு வந்துவிட்டது" என்று அறிவித்துவிட்டுப் போவாள்.

ஆக்சாலிபிளாட்டின் என்ற மருந்து கொடுத்தால் குளிர் ஆகாது. முதல் முறை வாங்கிவிட்டு வந்த அன்று மாலை குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் திறந்து ஒரு பாட்டிலைத் தொட்டேன், விரல்களில் மின்சாரம் பாய்ந்தது போல் இருந்தது. குளிர்ந்த நீரை ஒரு மிடறு குடித்தபோது தொண்டை அடைத்துக்கொண்டது, மூச்சே நின்றுவிடுமோ என்று பயந்துபோனேன். சில நாளில் அது தானாகச் சரியாகிவிடும். ஆனால் சுற்றுக்குச் சுற்று விரல்களில் மரத்துப்போதல் தங்க ஆரம்பித்தால் உடனே சொல்லுங்கள். நான் சொல்லவில்லை. சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்கள், நிறுத்தினால் நோய் வளர்ந்துவிடும் என்று நானே ஒரு கணக்குப் போட்டு இரண்டு சுற்றுகள் மறைத்தேன். அந்த ஒரு மருந்தை மட்டும் குறைத்தோ நிறுத்தியோ மற்றவற்றைத் தொடர முடியும் என்று பிறகுதான் தெரிந்தது. இன்றைக்கும் சட்டையின் மேல் பொத்தானை என்னால் போட முடியவில்லை, மேஜையில் விழுந்த குண்டூசியை எடுக்க முடியவில்லை.

இரண்டு விஷயங்களில் மட்டும் பொறுமை வேண்டாம். கீமோ காலத்தில் காய்ச்சல் 38 டிகிரியை, அதாவது 100.4 ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் நடுராத்திரியானாலும் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும், மாத்திரை போட்டுக்கொண்டு விடியட்டும் என்று படுக்கக் கூடாது. வயிறு உப்பி, வாந்தி எடுத்து, மலமும் காற்றும் போகாமல் நின்றாலும் அப்படியே, குடல் அடைப்பாக இருக்கலாம்.

பேலியேட்டிவ் கேர் என்று, வலியையும் மற்ற வேதனைகளையும் தணிக்கும் ஒரு பிரிவுக்கு எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது, கைவிட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். மூன்று மாதம் போகவே இல்லை. வீணாக்கிய மாதங்கள் அவை. அது கடைசி நாட்களுக்கு மட்டுமான சிகிச்சை அன்று, கீமோவோடு கூடவே நடப்பது. முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் 2010இல் வெளியான ஓர் ஆய்வில், தொடக்கத்திலேயே இந்தக் கவனிப்பைப் பெற்றவர்கள் நலமாக இருந்ததோடு, மற்றவர்களைவிடச் சில மாதங்கள் கூடுதலாகவும் வாழ்ந்தார்கள். நோய் வேறுதான், ஆனாலும் யோசிக்க வைக்கிறது. என் தூக்கத்தைப் பற்றி முதன்முதலில் என்னிடம் கேட்டவர் அங்கிருந்த மருத்துவர்தான். மனச்சோர்வுக்கு ஒரு மாத்திரை எழுதினார், சில வாரங்களில் இரவில் ஐந்து மணி நேரம் தூங்கினேன். நீங்கள் இரவுகளைப் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன், அடுத்த சந்திப்பில் முதல் வேலையாக அதைக் கேளுங்கள்.

"நல்லதையே நினை" என்பவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. நினைப்பால் கட்டி வளர்வதும் இல்லை, சுருங்குவதும் இல்லை. ஒரு நாள் முழுவதும் அழுததால் உங்கள் சிகிச்சைக்கு எந்தக் கெடுதலும் வராது. எதைச் செய்ததால் இது வந்தது என்ற விசாரணையையும் மூடிவிடுங்கள். எனக்கு இரத்தச்சோகைக்கு ஆறு மாதம் இரும்புச்சத்து மாத்திரை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், குடலில் இரத்தம் கசிகிறதா என்று யாரும் பார்க்கவில்லை. அந்த ஆறு மாதத்தை நினைத்து ஓராண்டு பொருமினேன். பாலிப் என்கிற, குடலின் உட்சுவரில் முளைக்கும் ஒரு சிறிய சதை வளர்ச்சி புற்றாக மாறுவதற்குப் பெரும்பாலும் பத்து ஆண்டுகள் பிடிக்கும் என்று தெரிந்த பிறகு பொருமல் கொஞ்சம் அடங்கியது, முழுவதும் அடங்கவில்லை. யாராவது பொடியோ கஷாயமோ கொண்டுவந்தால் வாங்கி வையுங்கள், மருத்துவரிடம் காட்டாமல் வாயில் போடாதீர்கள். கீமோவை உடைத்து வெளியேற்ற வேண்டிய கல்லீரல்தான் அதையும் சுமக்க வேண்டும்.

குழந்தைகள் இருந்தால் நோயின் பெயரைச் சொல்லியே பேசுங்கள். என் மகள் முதலில் கேட்டது "ஒட்டிக்கொள்ளுமா?" என்றுதான். அவள் ஒரு வாரமாக என் பக்கத்தில் வராமல் இருந்ததன் காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. உடன்பிறந்தவர்களிடமும் சொல்லிவிடுங்கள். அவர்கள் 40 வயதிலோ, உங்களுக்கு நோய் தெரிந்த வயதுக்குப் பத்து ஆண்டு முன்போ, எது முந்தியதோ அப்போது கொலனோஸ்கோபி, அதாவது குழாய்க் கேமரா விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை, செய்துகொள்ள வேண்டும். என் தம்பிக்கு அப்போது 39. முணுமுணுத்துக்கொண்டே போனான், ஒரு பாலிப்பை எடுத்து அனுப்பினார்கள்.

நான் இப்போது எப்படி இருக்கிறேன் என்றும் கேட்பீர்கள். மூன்று மாதக் கீமோவுக்குப் பிறகு கல்லீரலிலும் குடலிலும் இரண்டு அறுவைகள் நடந்தன. இரண்டு ஆண்டுகள் ஸ்கேன் சுத்தமாக இருந்தது. பிறகு நுரையீரலில் ஒரு புள்ளி தெரிந்தது. மறுபடி மருந்தில் இருக்கிறேன், இம்முறை ஐரினோடீகன். முடி கொட்டுகிறது, வயிற்றுப்போக்கு வருகிறது, ஆனால் குளிர்ந்த நீர் குடிக்க முடிகிறது. ஸ்கேன் வாரத்தில் யாரோடும் சரியாகப் பேசுவதில்லை, வீட்டில் அதைப் பழகிக்கொண்டுவிட்டார்கள். நாத்தனார் இப்போதும் கூட வருகிறார், எங்களுக்குள் ஒட்டுதல் இன்னும் பெரிதாக ஒன்றும் வந்துவிடவில்லை.

இதை எழுதும்போது இடுப்பில் பம்ப் இருக்கிறது, நாளை மதியம் கழற்றுவார்கள். உங்கள் மரபணு அறிக்கை வந்ததும் இங்கேயே எழுதுங்கள். எம்எஸ்ஐ வரி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடிப் பாருங்கள்; எனக்கு வந்ததில் மூன்றாம் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில் இருந்தது.