ஞாயிறு மட்டும் கட்டும் வாட்ச்

கே: சிங்கப்பூரிலிருந்து மகன் சீக்கோ 5 ஆட்டோமேட்டிக் வாங்கி வந்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கட்டுகிறேன். எடுக்கும்போதெல்லாம் நின்றுபோய்க் கிடக்கிறது. வாட்சைச் சுழற்றி ஓடவைத்திருக்கும் வாட்ச் வைண்டர் பெட்டி வாங்கத்தான் வேண்டுமா?
– வாசகர், கடலூர் முதுநகர்

ப: வேண்டாம் சார். ஆட்டோமேட்டிக் என்றால் கை அசைவில் முறுக்கேறும் வாட்ச். கையில் கட்டாவிட்டால் இது சுமார் 40 மணி நேரம் ஓடிவிட்டு நிற்கும். ஸ்பிரிங்கில் முறுக்கு தீர்ந்தது, அவ்வளவுதான். இதையே ரிப்பேர் என்று புதுச்சேரியில் என் கடைக்குத் தூக்கி வருகிறவர்கள் உண்டு. நான் காசு வாங்குவதில்லை. டீ வாங்கிக் கொடுத்தால் மறுப்பதுமில்லை.

முதுகுக் கண்ணாடியில் பாருங்கள். 7எஸ்26 மெஷின் என்றால் சாவியை, அதாவது பக்கத்தில் உள்ள திருகு குமிழை, திருகினாலும் முறுக்கு ஏறாது. படுக்கைவாட்டில் பிடித்து இருபது முப்பது தரம் மெதுவாக ஆட்டுங்கள், விநாடி முள் கிளம்பிவிடும். 4ஆர்36 என்றால் சாவியிலேயே சுற்றலாம்.

ஒன்று மட்டும் கவனம். முள் இரவு 9 முதல் விடியற்காலை 4 வரை காட்டும் இடத்தில் இருக்கும்போது தேதி, கிழமையை மாற்றாதீர்கள், பல்சக்கரம் போய்விடும். முள்ளைக் காலை 6-க்குத் தள்ளிவிட்டு மாற்றுங்கள்.

லீப் வருடம் வரை கணக்கு வைத்திருக்கும் பெர்பெச்சுவல் காலண்டர் வாட்ச் வைத்திருப்பவர் வைண்டர் வாங்கட்டும். நின்றால் திரும்ப செட் செய்வது பெரும்பாடு. நீங்கள் அந்தக் காசில் சாவி கேஸ்கெட்டை (தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) மாற்றுங்கள். நம் ஊர் வியர்வையும் ஈரமும் அந்த வழியாகத்தான் உள்ளே போகின்றன.