மடி கிதார்: கேட்டார்கள், சொன்னேன்

மடியில் படுக்கவைத்து, இரும்புக் கட்டையால் வாசிக்கும் ஹவாயன் கிதார் பற்றி நண்பர்கள் கேட்டவை இவை. பெரம்பூரில் ஒரு ரயில்வே குடியிருப்பு வராந்தாவில் கற்றுக்கொண்டவன் நான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (மடிப்பாக்கம்): சார், பரண்மேல் ஒரு பழைய சாதாரண கிதார் கிடக்கிறது. அதை மாற்ற முடியுமா? புதிதாகத்தான் வாங்கணுமா?

வாங்காதீர்கள், முதலில் அதை இறக்குங்கள். ஸ்டீல் கம்பி போடும் கிதார்தானே? நைலான் கம்பி கிதார் என்றால் விட்டுவிடுங்கள். எக்ஸ்டென்ஷன் நட் என்று ஒரு சின்ன உலோகத் துண்டு கிடைக்கும். கம்பிகளைத் தளர்த்தி, இருக்கிற நட்டின் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் சிறு துண்டு) மேல் அதைக் கவிழ்த்து வைத்தால் போதும். ஒட்ட வேண்டாம், கம்பியின் இழுப்பே பிடித்துக்கொள்ளும். நட் பக்கம் கம்பி ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் உயரும், கட்டை ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) இடிக்காது. மேலே 15-ஆம் ஃபிரெட்டுக்கு அப்பால் இடித்தால் மட்டும் சேடிலை (உடல்பக்கம் கம்பிகள் ஏறி நிற்கும் மெல்லிய துண்டு) கொஞ்சம் உயரமாகப் போடுங்கள். ரொம்ப உயர்த்தினால் சேடில் முன்பக்கம் சாய்ந்து, அதைத் தாங்கும், உடலில் ஒட்டிய பிரிட்ஜை நெம்பும். சேடிலின் மேல்முகம் வளைந்திருந்தால் நேராக்கிவிடுங்கள், கட்டை நேரானது அல்லவா!

1920களில் லாஸ் ஏஞ்சலஸில் ஹெர்மன் வைசன்போர்ன் செய்த கிதார்களில் கழுத்தும் உள்ளே வெற்றிடம்தான், மரம் பெரும்பாலும் ஹவாயில் வளரும் கோவா (koa). அந்தத் தொனி தனி. ஆனால் அந்த ஆசை ஒரு வருடம் வாசித்த பிறகு வரட்டும்.

கேள்வி (அண்ணா நகர்): எந்தச் சுருதியில் கட்டுவது, அண்ணா? ஒவ்வொரு வீடியோவிலும் ஒன்று சொல்கிறார்கள்.

மேற்கத்திய சுரப் பெயர்களில், தடித்த கம்பியிலிருந்து டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி. வழக்கமான டியூனிங்கிலிருந்து எந்தக் கம்பியும் மேலே போகாது, இறங்குவது மட்டுமே, அதனால் கிதாருக்கு ஆபத்தில்லை. ஐந்தாம் ஃபிரெட்டில் கட்டையை வைத்தால் கம்பிகள் சேர்ந்து ஜி கார்டு, ஏழில் ஏ கார்டு. பாதிப் பாட்டு அங்கேயே கிடைக்கும்.

ஜி, பி, டி, ஜி, பி, டி என்பது டோப்ரோ (உடலில் உலோகக் கூம்பு வைத்த கிதார்) வாசிப்பவர்களுடையது. அதில் ஆறாவது கம்பி மூன்று அரைச்சுரம் ஏறும், ஐந்தாவது இரண்டு. அதற்கென்று உள்ள மெல்லிய கம்பி போடாமல் முறுக்காதீர்கள். நான் முறுக்கினேன், போதாததற்கு மே மாத வெயிலில் காருக்குள் வைத்துவிட்டும் போனேன். திரும்பி வந்தபோது பிரிட்ஜ் ஒட்டுவிட்டு எழும்பியிருந்தது.

கேள்வி (வில்லிவாக்கம்): கட்டையை ஃபிரெட் மேலேதான் வைக்கிறேன். சுருதி சேரவில்லை, பின்னால் கரகரவென்று வேறு ஏதோ கேட்கிறது.

இரண்டு தனித்தனி நோய். சாதாரண கிதாரில் ஃபிரெட்டுக்குச் சற்றுப் பின்னால் விரலை அழுத்துவோம். இங்கே ஃபிரெட் வெறும் அடையாளக் கோடு, கட்டை சரியாக அதன் தலைக்கு மேலே நிற்க வேண்டும். கம்பி கோட்டிலிருந்து விலகி உயரத்தில் இருப்பதால், பக்கவாட்டில் இருந்து பார்த்தால் கண் ஏமாற்றும். கண்ணை மூடி, தம்பூரா ஆப் போட்டு, ஏழாம் ஃபிரெட்டில் பஞ்சமம் சேருகிறதா என்று பாருங்கள்.

கரகரப்புக்குக் காரணம், கட்டைக்கும் நட்டுக்கும் நடுவே கம்பி தானாக அதிர்வது. இடது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் கட்டைக்குப் பின்னால் கம்பியைத் தொட்டபடியே வர வேண்டும். அழுத்தக் கூடாது, படுத்திருந்தால் போதும். எனக்கு இது பழக ஆறு மாதம் ஆனது. சுத்தமாக வாசிப்பவர்களைக் கவனியுங்கள், பாதி வேலை சத்தத்தை நிறுத்துவதுதான்.

கேள்வி (மயிலாப்பூர்): இது நம்ம சித்திரவீணைதானே? ராகம் வாசிக்கலாமா?

சித்திரவீணை, அதாவது கோட்டுவாத்தியம், 21 தந்தி கொண்டது. கட்டையால் வாசிப்பதில் மட்டும் இரண்டும் உறவு. கிதாரில் இந்த வித்தையைத் தொடங்கியவராக ஹவாயின் லாயி ஊர்க்காரர் ஜோசப் கெகுகுவைச் சொல்கிறார்கள், 1880களில். அவருக்கு முன்பே கேப்ரியல் டேவியன் என்ற இந்தியாவில் பிறந்த மாலுமி வாசித்தார் என்றும் ஒரு கதை உண்டு. நமக்கு அது பிடிக்கும்தான்!

ராகம் தாராளமாக வாசிக்கலாம். பிரிஜ் பூஷன் கப்ரா, விஸ்வமோகன் பட் எல்லாம் இந்துஸ்தானியில் செய்து காட்டிவிட்டார்கள். நான் சொன்ன டியூனிங் ஸ, ப, ஸ, க, ப, ஸ. அந்த க அந்தர காந்தாரம், மோகனத்துக்கும் கல்யாணிக்கும் பொருந்தும். கரகரப்பிரியா என்றால் அந்தக் கம்பியை அரைச்சுரம் இறக்கி எஃப் ஆக்குங்கள். ஹிந்தோளத்துக்கு அதோடு, பஞ்சமமே இல்லாததால், இரண்டு ப கம்பிகளையும் ஜிக்கு இறக்க வேண்டும்.

கேள்வி (திருவான்மியூர்): கம்பி பத்து நாளில் துருப்பிடிக்கிறது.

கடற்காற்று. வாசித்ததும் உலர்ந்த துணியால் துடைத்துப் பெட்டிக்குள் வையுங்கள், பூச்சு கொடுத்த கம்பி வாங்குங்கள்.

கேள்வி (தாம்பரம்): விரலில் மாட்டும் கண்ணாடிக் குழாய் இருக்கிறது, போதுமா?

போதாது. அது லேசு, சத்தம் மெலியும். உள்ளே கெட்டியாக உள்ள இரும்புக் கட்டைதான் வேண்டும். புதியவர்களுக்கு இரண்டு பக்கமும் பள்ளம் உள்ளது நல்லது, பிடி வழுக்காது.

கேள்வி (அம்பத்தூர்): எனக்கு 65 வயது தம்பி. விரல் நுனி வலியால் கிதாரை விட்டேன். இதைத் தொடலாமா?

இதில் கம்பியை அழுத்தவே வேண்டாம் அம்மா, விரல் நுனிக்கு வேலையே இல்லை. தோள்தான் முதலில் வலிக்கும். கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்காருங்கள், கால் இரண்டும் தரையில் பதியட்டும். கிதார் வழுக்காமலிருக்க மடியில் ஒரு துண்டைப் போட்டுக்கொள்ளுங்கள்.