விழுந்த மரம் எந்தப் பக்கம் பாக்குது? - வாசகர் கேள்வி பதில்

அமெரிக்காவுல எப்பவோ அடிச்ச டொர்னாடோவ (மேகத்துலேர்ந்து தரை வரைக்கும் இறங்கி சுத்தற சுழல்காத்து) இன்னைக்கு உக்காந்து எப்படி ஆராயறாங்கன்னு பல பேர் கேட்டிருந்தீங்க. எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம்ங்கறதால இந்த தடவை பக்கம் முழுக்க அதுக்கே குடுத்துட்டேன்.

கேள்வி: டொர்னாடோ பத்து நிமிஷம் வந்துட்டு போயிடுது. அம்பது அறுவது வருஷம் கழிச்சு வெறும் போட்டோவ வெச்சு என்ன கண்டுபிடிக்க முடியும்?

நிறையவே முடியும், ஆனா போட்டோ எங்க நின்னு எடுத்தது, எந்த திசைய பாத்து எடுத்தது, எத்தனை மணிக்கு எடுத்தது, இந்த மூணும் தெரியணும். அது தெரியாத வரைக்கும் அது வெறும் படம் தான்.

இதுக்கு நான் எப்பவும் சொல்ற உதாரணம் ஃபார்கோ. 1957 ஜூன் 20, வடக்கு டகோட்டால ஃபார்கோ ஊர டொர்னாடோ அடிச்சுது. சிகாகோ யுனிவர்சிட்டில இருந்த டெட் ஃபுஜிடா, ஜப்பான்ல பொறந்தவர், அங்க போய் உள்ளூர் டிவி வானிலை அறிவிப்பாளர் உதவியோட ஊர் ஜனங்க எடுத்த படத்தை எல்லாம் சேத்தாரு, 150-க்கும் மேல கிடைச்சுது. அப்புறம் ஒவ்வொரு படமும் எந்த எடத்துல நின்னு எடுத்ததுன்னு தேடி போய் அளந்தாரு. படத்துல ஒரு வீட்டு கூரை முனையும் அதுக்கு பின்னாடி ஒரு கரண்ட் கம்பமும் ஒரே கோட்டுல தெரிஞ்சா, அந்த கோட்ட மேப்ல இழுத்தா கேமரா அதுமேல தான் எங்கயோ இருந்திருக்கணும், இன்னொரு ஜோடி பொருள் கிடைச்சா இன்னொரு கோடு, ரெண்டும் வெட்டிக்கிற எடத்துல தான் அந்த ஆள் நின்னிருக்காரு. இப்படி ஒரே நேரத்துல வேற வேற எடத்துல எடுத்த ரெண்டு படம் கிடைச்சுட்டா டொர்னாடோ நின்ன எடமும் கிடைச்சுடும். தூரம் தெரிஞ்சா உயரம், அகலம் எல்லாம் கணக்கு போட்டுடலாம். 1960-ல வந்த அவரோட அறிக்கைல தான் ஒரே மேகத்துலேர்ந்து அஞ்சு டொர்னாடோ அடுத்தடுத்து இறங்குச்சுன்னு வரிசையா காட்டினாரு. இன்னைக்கு வானிலைக்காரங்க சர்வ சாதாரணமா சொல்ற "வால் க்ளவுட்"ங்கற பேரும் (டொர்னாடோ இறங்கற எடத்துல மேகத்துக்கு அடில சுவர் மாதிரி தொங்கற பகுதி) அந்த வேலைலேர்ந்து வந்தது தான்.

அதே 1957 ஏப்ரல் 2-ம் தேதி டாலஸ்ல அடிச்ச டொர்னாடோவ சினிமா ஃபிலிம்ல எடுத்திருந்தாங்க. அதுல பறக்குற தூசி, ஒடஞ்ச சாமான் எல்லாம் ஒரு ஃபிரேம்லேர்ந்து அடுத்த ஃபிரேமுக்கு எவ்வளவு நகருதுன்னு அளந்து மணிக்கு 170 மைல், அதாவது கிட்டத்தட்ட 270 கிலோமீட்டர் வேகம்னு கண்டுபிடிச்சாங்க. காத்து கண்ணுக்கு தெரியாது, ஆனா அது தூக்கிட்டு போற பொருள் தெரியுதே, அத அளக்கலாம்ல.

கேள்வி: தரைல நடந்து போய் சேதத்த பாத்தா போதாதா? ஏன் ப்ளேன்ல போய் பாக்கணும்?

தரைல நின்னா ஒரு வீடு தெரியும், ஒரு தெரு தெரியும். எது எந்தப் பக்கம் சாஞ்சிருக்குங்கற மொத்த கோலம் மேலேர்ந்து தான் தெரியும்.

வயல்ல டொர்னாடோ போன எடத்துல சில சமயம் சுருள் சுருளா கோடு இருக்கும், பாதி வட்டம் பாதி வட்டமா ஒண்ணுமேல ஒண்ணு. 1955-ல நெப்ராஸ்கால ஸ்காட்ஸ்பிளஃப் பக்கம் அடிச்சப்ப இந்த மாதிரி கோடுங்கள பாத்துட்டு, ஏதோ கனமான சாமான் காத்துல சுத்தி சுத்தி தரைய கீறியிருக்குன்னு நினைச்சாங்க, அத வெச்சு காத்து வேகமும் கணக்கு போட்டாங்க, தாறுமாறா ரொம்ப அதிகமா வந்துது. 1965 ஏப்ரல் 11 குருத்தோலை ஞாயிறு அன்னைக்கு மிட்வெஸ்ட்ல வரிசையா டொர்னாடோ அடிச்சதுக்கு அப்புறம் ஃபுஜிடா சின்ன ப்ளேன்ல அந்த வயலுக்கு மேல எல்லாம் பறந்து படம் எடுத்து பாத்தா, அது கீறலே இல்ல. அறுத்துவிட்ட பயிரோட தட்டையும் குப்பையும் வரிசையா சேந்து கிடந்த கோடு. பெரிய சுழலுக்குள்ள சின்ன சின்ன சுழல் ஓடுது, அது ஒவ்வொண்ணும் குப்பைய கூட்டி விட்டுட்டு போகுதுன்னு அதுலேர்ந்து தான் அவர் சொன்னாரு. ஒரு வீடு தரைமட்டமாகி பக்கத்து வீட்டுல ஓடு கூட நகராம இருக்கே, அது ஏன்ங்கறதுக்கு பெரிய பதில் இதுலயே இருக்கு. அந்த கோடு ஒரு உழவு போட்டா அழிஞ்சுடும், அப்ப யாரும் பறக்கலன்னா போச்சு.

அப்புறம் 1974 ஏப்ரல் 3, 4. ஒரே நாள் கணக்குல 13 மாநிலத்துல 148 டொர்னாடோ, 300 பேருக்கு மேல செத்துட்டாங்க. ஃபுஜிடா குழு மாசக்கணக்கா பறந்தும் நடந்தும் ஒவ்வொரு பாதையா மேப்ல வரைஞ்சாங்க. அப்ப மேற்கு வர்ஜீனியால ஒரு காட்டுக்கு மேல போறப்ப மரமெல்லாம் சுழல் மாதிரி விழாம, நடுவுலேர்ந்து நாலா பக்கமும் வெளிய பாத்து நட்சத்திரம் மாதிரி விழுந்து கிடந்துது. அந்த கோலத்த அவர் ஏற்கனவே பாத்திருக்காரு, 1945-ல நாகசாகியிலயும் ஹிரோஷிமாவுலயும் அணுகுண்டு சேதத்த ஆராய போனப்ப. மேலேர்ந்து நேரா ஏதோ வந்து தரைல மோதி பரவியிருக்குன்னு அவருக்கு தோணிச்சு. அடுத்த வருஷம் 1975 ஜூன் 24, நியூயார்க்ல ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 66 விமானம் இறங்கறப்ப விழுந்து 113 பேர் இறந்தாங்க. அதுக்கு காரணம் இந்த கீழ்நோக்கி அடிக்கற காத்து தான்னு, டவுன்பர்ஸ்ட்னு பேர் வெச்சு, அவர் சொன்னாரு, பல விஞ்ஞானிகள் ஒத்துக்கல, அப்புறம் ரேடார்லயே பதிவாச்சு. இன்னைக்கு ஏர்போர்ட்ல அதுக்குன்னு எச்சரிக்கை கருவி இருக்கு. காட்டுல விழுந்த மரத்த ஒருத்தர் கவனமா பாத்ததுல இவ்வளவு பேர் உயிர் காப்பாத்தப்படுதுன்னு நினைக்கும்போது எனக்கு இன்னும் சிலிர்க்குது.

கேள்வி: மரம் விழுந்தத பாத்து டொர்னாடோவா சாதா புயல்காத்தான்னு நாமளே சொல்ல முடியுமா?

ஓரளவு முடியும். டவுன்பர்ஸ்ட்னா விசிறி மாதிரி விரிஞ்சு விழும். டொர்னாடோன்னா ரெண்டு பக்க மரமும் நடுக்கோட்ட பாத்து உள்ள சாயும். இடஞ்சுழியா சுத்தற டொர்னாடோவுல வலது பக்கம் சேதம் ஜாஸ்தி, ஏன்னா சுத்தற வேகமும் முன்னாடி நகர்ற வேகமும் அந்தப் பக்கம் கூடிக்குது, மரமும் போற திசைலயே விழுந்திருக்கும்.

இது ப்ளேன் வந்தப்புறம் வந்த அறிவுன்னு நினைச்சுடாதீங்க. ஜெர்மனில வோல்டெக்ங்கற ஊர் பக்கம் 1764 ஜூன் 29 அடிச்ச டொர்னாடோவோட பாதைய கென்ஸ்மர்னு ஒருத்தர் முழுக்க போய் பாத்து அடுத்த வருஷமே எழுதி வெச்சிருக்காரு. 1920-கள்ல எஸ்டோனியாக்காரர் யொஹானஸ் லெட்ஸ்மன் மரம் விழற கோலத்துக்கு கணக்கே போட்டுட்டாரு, காகிதமும் பேனாவும் மட்டும் வெச்சு.

கேள்வி: பழைய டொர்னாடோ போட்டோனு ஷேர் ஆகறதெல்லாம் நிஜமா?

பாதிக்கு மேல சந்தேகப்பட்டே பாருங்க. 1884 ஆகஸ்ட் 28 டகோட்டால ஹோவர்ட் பக்கம் எடுத்த படம் ரொம்ப பிரபலம், அதுல கை வேலை நிறைய நடந்திருக்குன்னு தான் ஆராய்ச்சிக்காரங்க சொல்றாங்க. அந்த காலத்துல போஸ்ட்கார்டா விக்கறதுக்கு ஒரே படத்துக்கு வேற ஊர் பேர் போட்டும் அச்சடிச்சிருக்காங்க. நெகட்டிவ்வ திருப்பி வெச்சு பிரிண்ட் போட்டிருந்தா இடது வலது மாறி, டொர்னாடோ போன திசையே தப்பாயிடும். கடை போர்டு எழுத்து, நிழல் விழற பக்கம் ரெண்டையும் முதல்ல பாருங்க.

கேள்வி: 1925-ல அடிச்ச ட்ரை-ஸ்டேட் டொர்னாடோ 219 மைல் ஓடிச்சுன்னு எல்லா எடத்துலயும் இருக்கு. அத நம்பலாமா?

நல்ல கேள்வி. 1925 மார்ச் 18, மிசூரி, இல்லினாய், இண்டியானா மூணு மாநிலம், மூணரை மணி நேரம், 695 பேர் சாவு. இதுல சந்தேகம் கிளம்பினது பாதை பத்தி தான், அது ஒரே டொர்னாடோவா இல்ல வரிசையா வந்த பலதா? பல வருஷம் உழைச்ச ஒரு குழு பழைய பேப்பர், வானிலை பதிவு, உயிரோட இருந்த வயசானவங்களோட நேரடி நினைவு எல்லாத்தையும் சேத்து ஒவ்வொரு பண்ணையா மேப்ல புள்ளி வெச்சு 2013-ல வெளியிட்டாங்க. 151 மைல் இடைவெளி இல்லாம ஓடினதுக்கு ஆதாரம் உறுதியா இருக்கு, 174 மைல்ங்கறதும் பெரும்பாலும் ஒரே டொர்னாடோ தான்னு முடிவு. அதாவது 280 கிலோமீட்டர். 219 கொறஞ்சுதேன்னு வருத்தப்படாதீங்க, 174-உம் பயங்கரமான தூரம் தான், இது புள்ளி புள்ளியா சரிபாத்து வந்த நம்பர்ங்கறதால நான் இதைத்தான் சொல்லுவேன்.

கேள்வி: பழைய லிஸ்ட்ல F4, F5ன்னு போட்டிருக்கறத அப்படியே எடுத்துக்கலாமா?

கூடாது. F அளவைங்கறது சேதத்த பாத்து டொர்னாடோ பலத்துக்கு F0-லேர்ந்து F5 வரைக்கும் ஃபுஜிடா போட்ட படி, அதுவே 1971-ல தான் வந்துது. அமெரிக்க அரசு பட்டியல் 1950-லேர்ந்து இருக்கு, ஆனா முதல் இருபத்தஞ்சு வருஷத்துக்கு ரேட்டிங் போட்டது 70-கள்ல, அதுவும் பெரும்பாலும் காலேஜ் பசங்க பேப்பர் செய்திய படிச்சு போட்டது. நிருபர் கொஞ்சம் உருக்கமா எழுதியிருந்தா ஒரு படி ஏறியிருக்கும். வீடு அஸ்திவாரத்த விட்டு பிச்சுக்கிட்டு போச்சுன்னா அது காத்தோட பலமா, போல்ட்டே போடாம கட்டின வீடாங்கறது போட்டோல அஸ்திவாரத்த பெருசு பண்ணி பாத்தா தான் தெரியும். 2007-லேர்ந்து வந்த EF அளவைல (F அளவையோட திருத்தின வடிவம்) 28 வகை கட்டடம், மரம்னு தனித்தனியா பாக்கறது இதனால தான்.

மறுபக்கமும் இருக்கு. 2013 மே 31 ஓக்லஹோமால எல் ரீனோ பக்கம் வந்தது 2.6 மைல் அகலம், ரேடார் அளந்த வேகம் உச்ச படியான EF5 அளவுக்கு இருந்துது, ஆனா பெரும்பாலும் வெறும் வயல்ல போனதால சேதத்த வெச்சு EF3 தான் குடுத்தாங்க. சேதம் இல்லன்னா பலம் இல்லன்னு அர்த்தம் இல்ல, அடிக்க அங்க எதுவும் இல்லாம இருந்திருக்கலாம்.

கேள்வி: வீட்டுல கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து நானும் பழைய பாதைய தேட முடியுமா?

தாராளமா. அமெரிக்க விவசாய துறை 1930-கள்லேர்ந்து வயல்கள மேலேர்ந்து படம் எடுத்திருக்கு, யுஎஸ்ஜிஎஸ்ங்கற அமெரிக்க நிலவியல் ஆய்வு துறையோட தளத்துல பழைய வான்வழி படங்க இலவசமாவே கிடைக்குது, 1972-லேர்ந்து லேண்ட்சாட் சாட்டிலைட் படமும் இருக்கு. வயல விட்டுட்டு காட்டுல ஆரம்பிங்க, ஏன்னா காட்டுல தழும்பு வருஷக்கணக்கா நிக்கும். 1985 மே 31 பென்சில்வேனியால மொஷானன் காட்டுல ரெண்டு மைலுக்கு மேல அகலமா போனது நல்ல பயிற்சி, தேதி தெரியும், எடம் தெரியும். அதுக்கு முந்தின கோடைல எடுத்த படமும் அடுத்த கோடைல எடுத்த படமும் பக்கத்துல பக்கத்துல வைங்க, இலை உதிர்ந்த மாசத்த கலந்துடாதீங்க. மரம் வெட்டின எடம்னா ஓரம் நேர்கோடா இருக்கும், நிலச்சரிவுன்னா சரிவோட இறங்கும், டொர்னாடோ பாதை மட்டும் மேடு, பள்ளம், ரோடு, வேலி எதையும் மதிக்காம ஒரே திசைல பிசிறு பிசிறா போகும். ரஷ்யாவுல ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் இப்படியே சாட்டிலைட் படத்த அலசி, யாருமே பாக்காத, எந்த பேப்பர்லயும் வராத நூத்துக்கும் மேல டொர்னாடோ பாதைய காட்டுக்குள்ள கண்டுபிடிச்சிருக்காங்க. நீங்க ஏதாவது பாதை கண்டுபிடிச்சா படத்தோட தேதியும் எடத்தோட அட்சரேகை, தீர்க்கரேகையும் சேத்து எழுதி அனுப்புங்க, அடுத்த இதழ்ல சேந்து பாக்கலாம்.