முதுநிலைப் படிப்புக்கு முழு ஸ்காலர்ஷிப்: ஓர் அம்மாவுக்கும் மகளுக்கும்

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகளுக்கு வெளிநாட்டில் முதுநிலை படிக்க ஆசை. கையில் பணம் இல்லை, முழு ஸ்காலர்ஷிப் ஒன்றுதான் வழி. ஆனால் மதிப்பெண் 72 சதவீதம்தான். இதற்கிடையில் ஒரு ஏஜென்ட், "நான் வாங்கித் தருகிறேன், முன்பணம் கட்டுங்கள்" என்கிறார். கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அதை முதலில் முடித்துவிடுவோம். கட்டாதீர்கள். பிரிட்டனின் செவனிங், காமன்வெல்த் ஸ்காலர்ஷிப், துருக்கி அரசின் உதவித்தொகை, இவை எதற்கும் விண்ணப்பக் கட்டணமே கிடையாது. சில பல்கலைக்கழகங்கள் சேர்க்கை விண்ணப்பத்துக்குக் கட்டணம் வாங்கும், அதை அவர்களுடைய தளத்திலேயே நேரடியாகக் கட்டலாம். நடுவில் இருப்பவர் யாரும் ஸ்காலர்ஷிப்பை "வாங்கித் தர" முடியாது. அவர் செய்யக்கூடியது படிவத்தை நிரப்பித் தருவதும், பத்துப் பேருக்குக் கொடுத்த அதே கட்டுரையில் உங்கள் மகளின் பெயரைச் சேர்ப்பதும்தான். அந்த இரண்டாவது வேலை அவளுடைய வாய்ப்பையே கெடுத்துவிடும்.

அடுத்து மதிப்பெண். ஸ்காலர்ஷிப் என்றதும் வகுப்பில் முதலாவதாக வந்தவருக்குக் கொடுக்கும் பரிசு என்று நம் மனதில் பதிந்துவிட்டது. அது உண்மையில்லை. பணம் கொடுப்பவர் ஒவ்வொருவருக்கும் ஒரு நோக்கம் இருக்கிறது. செவனிங் 1983-இல் தொடங்கியது, பிரிட்டிஷ் அரசின் பணம். மற்ற நாடுகளில் நாளைக்குப் பொறுப்பான இடத்தில் இருக்கப்போகிறவர்களோடு இன்றைக்கே உறவு வைத்துக்கொள்வதுதான் அதன் நோக்கம். அதனால்தான் குறைந்தது இரண்டு ஆண்டு வேலை அனுபவம் கேட்கிறார்கள். படித்து முடித்தபின் இரண்டு ஆண்டாவது சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்றும் நிபந்தனை போடுகிறார்கள். வெளிநாட்டு மாணவர்களுக்கு உதவித்தொகை தரும் ஜெர்மனியின் டாட் (DAAD) அமைப்பு நடத்தும் 'எபோஸ்' (EPOS) திட்டமும் இரண்டு ஆண்டு அனுபவம் கேட்கிறது, கடைசிப் பட்டம் வாங்கி ஆறு ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. வளரும் நாடுகளுக்குப் பயன்படும் படிப்புகளுக்கு மட்டும் அந்தப் பணம், நீர்வளம் சார்ந்த படிப்புகளும் அதில் உண்டு. கேம்பிரிட்ஜின் கேட்ஸ் ஸ்காலர்ஷிப் அப்படியல்ல, அங்கே படிப்பில் மிகச் சிறந்தவர் என்பதே முதல் வாசல்.

உங்கள் மகள் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இரண்டரை ஆண்டாக வேலை பார்க்கிறாள் என்று கடிதத்தின் கடைசியில், ஏதோ குறை சொல்வதுபோல எழுதியிருக்கிறீர்கள். அம்மா, அவளிடம் இருப்பதிலேயே பலமான சீட்டு அதுதான். 72 சதவீதத்தோடு கேட்ஸைக் குறிவைக்கச் சொல்ல மாட்டேன். எபோஸுக்கும் செவனிங்குக்கும் அவள் தயங்காமல் விண்ணப்பிக்கலாம்.

ஒன்றை மட்டும் நீங்களும் அவளும் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். 'முழு உதவித்தொகை' என்ற ஒரே சொல்லுக்கு ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வோர் அளவு. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டுஸில் படிப்புக் கட்டணம் கிடையாது, மாதம் 1,400 யூரோ கையில் வரும், 24 மாதம் வரை. ஆனால் விமான டிக்கெட், விசா, வீட்டு வாடகை எல்லாம் அந்த 1,400-க்குள்தான். அந்தப் படிப்பு குறைந்தது இரண்டு நாடுகளில் நடக்கும், ஆகவே வீடு மாறும் செலவு இரண்டு முறை. ஹங்கேரி அரசின் ஸ்டிபெண்டியம் ஹங்காரிகமும் கட்டணத்தை முழுக்க ஏற்கிறது, தங்க விடுதியோ வாடகைக்கு ஒரு தொகையோ தருகிறது. மாதச் செலவுக்கு முதுநிலை மாணவருக்குத் தருவது 43,700 ஃபோரிண்ட் என்ற அளவில்தான், அது வாழ்க்கைச் செலவு முழுவதற்கும் போதாது என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். மீதிக்கு வீட்டிலிருந்து அனுப்ப வேண்டியிருக்கும். முடியுமா என்று இப்போதே கணக்குப் போடுங்கள். எந்த ஸ்காலர்ஷிப்பாக இருந்தாலும் சரி, அங்கே போய் வங்கிக் கணக்கு திறந்து முதல் தொகை வந்து சேரும்வரை கையில் ஒன்றிரண்டு மாதச் செலவுக்குப் பணம் வேண்டும். ஏஜென்ட் கேட்ட முன்பணத்தை அதற்கு வையுங்கள்.

இதற்கு மேல் உள்ளதை மகளிடம் கொடுத்துவிடுங்கள். வேலை அவளுடையது.

சரி மா, இனி உன்னிடம் பேசுகிறேன். அம்மா அனுப்பிய பட்டியலில் 17 ஸ்காலர்ஷிப் பெயர்கள் இருந்தன. அதில் பிரான்சின் ஈஃபலுக்கு மாணவர் நேரடியாக விண்ணப்பிக்கவே முடியாது, சேர்க்கை தரும் கல்வி நிறுவனம்தான் பெயரைப் பரிந்துரைக்க வேண்டும். கொரிய அரசின் உதவித்தொகை என்றால் முதல் ஆண்டு கொரிய மொழி படிப்பதிலேயே போகும். போக மாட்டேன் என்று சொல்லவில்லை, தெரிந்துகொண்டு போ. 17-ஐ நாலாகக் குறை. நாலுக்கும் தகுதி விதி, வயது வரம்பு, அனுபவம், கடைசி தேதி, என்னென்ன சான்றிதழ், படித்து முடித்தபின் என்ன கடமை என்று ஒரு தாளில் கட்டம் போட்டு எழுது. விதியை அந்தந்த அமைப்பின் இந்த ஆண்டு அறிவிப்பிலிருந்து மட்டும் எடு. போன ஆண்டு போய்வந்தவர் சொன்னது இந்த ஆண்டு மாறியிருக்கலாம்.

காலக்கணக்கை நீ குறைத்து மதிப்பிட்டிருக்கிறாய். அடுத்த செப்டம்பரில் வகுப்பில் உட்கார வேண்டுமென்றால் வேலை இந்த ஆண்டு நடுவிலேயே தொடங்க வேண்டும். செவனிங் அண்மை ஆண்டுகளில் ஆகஸ்டில் திறந்து அக்டோபர் தொடக்கத்தில் மூடிவிடுகிறது. எராஸ்மஸ் முண்டுஸ் படிப்புகள் பெரும்பாலும் அக்டோபரிலிருந்து ஜனவரிக்குள். துருக்கி ஜனவரி, பிப்ரவரி. ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண் இரண்டு ஆண்டு செல்லும், அதனால் அதை முதலில் எழுதி முடித்துவிடு. பாஸ்போர்ட்டை எடுத்து, பட்டச் சான்றிதழோடு பக்கத்தில் வைத்து, பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார். என்னிடம் வந்த ஒரு பையனுக்கு ஒன்றில் 'டிஎச்', இன்னொன்றில் வெறும் 'டி'. அதைச் சரிசெய்யவே ஏழு வாரம் ஆனது, கடைசி தேதிக்கு நாலு நாள் முன்னால்தான் கைக்கு வந்தது. அந்த ஏழு வாரத்தில் அவன் கட்டுரையில் ஒரு வரிகூட எழுதவில்லை, எழுத மனம் வரவில்லை.

பரிந்துரைக் கடிதத்துக்கு யாரைக் கேட்பது என்று குழம்பியிருக்கிறாய். துறைத் தலைவரா, ஆய்வகத்தில் உன் மேலதிகாரியா? உன் வேலையைக் கண்ணால் பார்த்தவரிடம் போ. பெரிய பதவியில் இருப்பவர் 'நல்ல மாணவி, ஒழுக்கமானவர்' என்று நாலு வரி எழுதித் தந்தால் படிப்பவருக்கு அதில் எதுவும் கிடைக்காது. ஆறு வாரம் முன்னாடியே நேரில் போய்க் கேள். கேட்கும்போதே ஒரு பக்கம் எழுதிக் கொடு: எந்த ஸ்காலர்ஷிப், அது எப்படிப்பட்டவரைத் தேடுகிறது, உங்களிடம் நான் செய்த வேலையில் இந்த இரண்டைக் குறிப்பிட்டால் நன்றாக இருக்கும், கடைசி தேதி இது. "நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்" என்று சொல்பவர் இருப்பார். அங்கே மரியாதையாக மறுத்துவிட்டு அந்தக் குறிப்பை மட்டும் கொடு. இரண்டு பேர் எழுதிய கடிதமும் உன் கட்டுரையும் ஒரே நடையில் இருந்தால் தேர்வுக்குழுவுக்குத் தெரிந்துவிடும்.

இப்போது கட்டுரைக்கு வருகிறேன். உன் வரைவின் முதல் பத்தி இப்படி இருந்தது:

"சிறு வயது முதலே சுற்றுச்சூழல் மீது எனக்கு அளவற்ற ஆர்வம் இருந்தது. தண்ணீர் என்பது உயிரின் ஆதாரம். உலகத்தரம் வாய்ந்த உங்கள் பல்கலைக்கழகத்தில் படித்து, என் நாட்டுக்குச் சேவை செய்ய விரும்புகிறேன்."

இதில் ஒரு பொய்யும் இல்லை, ஆனால் நீயும் இல்லை. இதே மூன்று வரியை ஆயிரம் பேர் எழுதியிருப்பார்கள். போனில் பேசும்போது வேறு விஷயத்துக்கு நடுவில் ஒன்று சொன்னாய், நினைவிருக்கிறதா? கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதித்து, அளவு மீறினால் உடலுக்குக் கெடுதல் செய்யும் ஃபுளோரைடு அதில் எவ்வளவு என்று அறிக்கை தயார்செய்கிறீர்கள். அது கோப்புக்குள் போய்விடுகிறது, அந்தத் தண்ணீரைக் குடிப்பவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. நீ மேலதிகாரியிடம் அனுமதி வாங்கி, ஒவ்வொரு கிணற்றின் முடிவையும் 'குடிக்கலாம்' அல்லது 'வேண்டாம்' என்று ஒரே சொல்லில் ஒரு தாளில் எழுதி ஒட்ட ஆரம்பித்தாய். பதினோரு கிணறு வரைக்கும் போனது. அப்புறம் ஒரு ஊரில் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டார்கள், தங்கள் ஊர்த் தண்ணீருக்குக் கெட்ட பெயர் வருகிறது என்று.

அதை எழுது. கிழித்ததையும் எழுது. அதற்குப் பிறகு அந்த ஊர்க்காரர்களிடம் போய் என்ன பேசினாய், யாரைக் கூட வைத்துக்கொண்டாய், தாள் மறுபடியும் ஏறியதா இல்லையா என்று எழுது. செவனிங் கேட்கும் தலைமைப் பண்பு, தொடர்புகளை வளர்ப்பது என்ற இரண்டு கேள்விக்கும் பதில் அதற்குள்ளேயே இருக்கிறது. 'நான் தலைமைப் பண்பு உள்ளவள்' என்று ஒரு இடத்திலும் எழுதத் தேவையில்லை. அங்கிருந்து படிப்புக்கு வா: பரிசோதிக்கத் தெரியும், முடிவை மக்களிடமும் நிர்வாகத்திடமும் கொண்டுபோகும் வழி தெரியவில்லை, இந்தப் படிப்பின் இந்தப் பாடம் அதைக் கற்றுத்தருகிறது. பாடத்தின் பெயரைச் சொல், அங்கே யார் எந்த ஆய்வு செய்கிறார் என்று படித்துவிட்டுச் சொல். 'உலகத்தரம்' என்ற சொல்லை அடித்துவிடு. திரும்பி வந்து முதல் இரண்டு ஆண்டில் என்ன செய்வாய் என்பதையும் பெரிதாகச் சொல்லாதே. அந்தப் பதினோரு கிணறு நூறாவது எப்படி என்று சொன்னால் போதும்.

இன்னொருவர் கட்டுரையிலிருந்து ஒரு வரிகூட எடுக்காதே. கணினியை எழுதச் சொல்லி அப்படியே ஒட்டவும் செய்யாதே. நேர்காணலில் உன் கட்டுரையை முன்னால் வைத்துக்கொண்டுதான் கேள்வி கேட்பார்கள். தான் எழுதாத வரியை ஒருவரால் இரண்டு நிமிடம்கூட விளக்க முடியாது. நானே மாதிரி நேர்காணல் எடுக்கும்போது கேட்கும் ஒரு கேள்வி: "இந்தப் பணம் உனக்குக் கிடைக்காவிட்டால் இதே வேலையை எப்படித் தொடர்வாய்?" பதில் தெரியாமல் விழிப்பவர்கள் படிப்பை மட்டும் விரும்புகிறவர்கள். உன்னிடம் பதில் இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஸ்காலர்ஷிப் வேறு, பல்கலைக்கழகச் சேர்க்கை வேறு என்பதையும் மறந்துவிடாதே. செவனிங்கில் மூன்று படிப்பைத் தேர்ந்தெடுத்துக் குறிப்பிட வேண்டும், ஆனால் அந்தப் படிப்புகளுக்கு நீ தனியாக விண்ணப்பித்து, நிபந்தனையில்லாத சேர்க்கைக் கடிதம் ஒன்றாவது ஜூலைக்குள் வாங்கிவிட வேண்டும். நேர்காணலில் தேர்வாகி, இதில் கோட்டைவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். எபோஸில் முறையே வேறு, பெரும்பாலும் படிப்பை நடத்தும் துறைக்கே விண்ணப்பம் போகும்.

முதல் முறை கிடைக்காமல் போகலாம். என்னிடம் வந்து போனவர்களில் இரண்டாவது முறையில் கிடைத்தவர்கள் நிறையப் பேர். போன ஆண்டு எழுதியதையே தூசி தட்டி அனுப்பியவர்கள் அல்ல அவர்கள், நடுவில் ஓராண்டு வேலை செய்து அந்த வேலையைப் பற்றி எழுதியவர்கள். வந்தால் போவது, வராவிட்டால் அடுத்த ஆண்டு பன்னிரண்டாவது கிணற்றோடு விண்ணப்பிப்பது என்று அம்மாவிடம் இப்போதே சொல்லி வை. அவருக்கும் தூக்கம் வரும்.

கிணற்றுக் கதையை இரண்டு பக்கத்தில் எழுதி ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு. ஆங்கிலம் சரியாக வராவிட்டால் தமிழிலேயே எழுது, ஆங்கிலத்துக்கு அப்புறம் மாற்றிக்கொள்ளலாம். பிழை பார்க்காதே. அந்தத் தாளைக் கிழித்தவர் உன்னிடம் என்ன சொன்னார் என்பது மட்டும் விட்டுப்போகாமல் இருக்கட்டும்.