கொழுப்பு குறைந்தால் மாட்டை விற்கணுமா?

கேள்வி: அக்கா, எங்களிடம் இரண்டு ஜெர்சி கலப்பு மாடுகள். பங்குனி பிறந்ததிலிருந்து பாலில் கொழுப்பு 3.2-க்கு மேல் ஏறவில்லை. சொசைட்டியில் விலையைக் குறைத்ததோடு, தண்ணீர் ஊற்றுகிறாயா என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார்கள். மாமியார் மாடுகளை விற்கச் சொல்கிறார். என்ன செய்வது?
– ஒரு வாசகி, பள்ளத்தூர்

பதில்: முதலில் அந்தத் தண்ணீர்ப் பழியைத் தீர்ப்போம் தங்கச்சி. இருட்டோடு எழுந்து சாணி அள்ளி, கறந்து கொண்டுபோய் ஊற்றுகிறவளை நாலு பேர் முன்னால் அப்படிக் கேட்டது ரொம்பத் தப்பு. தண்ணீர் கலந்தால் கொழுப்போடு, பாலின் அடர்த்தியைக் காட்டும் லாக்டோமீட்டர் அளவும் இறங்கும். நல்ல பசும்பாலில் அது பெரும்பாலும் 28-க்கு மேல் நிற்கும். கொழுப்பு மட்டும் குறைந்தால் அது இறங்காது. உங்கள் கண்ணெதிரே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பால் ஆறியிருக்கட்டும், கறந்த சூட்டோடு போட்டால் குறைத்துத்தான் காட்டும்.

கன்றுக்கு எப்போது விடுகிறீர்கள்? கறந்து முடித்துக் கடைசியில் அவிழ்த்துவிடுவதுதான் பல வீடுகளில் வழக்கம். ஆனால் மடியில் கடைசியாக இறங்கும் பாலில்தான் கொழுப்பு அதிகம். கன்றைப் பட்டினி போடச் சொல்லவில்லை, அந்தப் பாவம் நமக்கு வேண்டாம். ஒரு காம்பை அதற்கென்று விட்டுவிட்டு, மற்ற மூன்றையும் ஒட்டக் கறந்துவிடுங்கள்.

அப்புறம் தீவனம். புதுவயலில் ரைஸ்மில்கள் இருப்பதால் நம் பக்கம் தவிடு சுலபமாகக் கிடைக்கிறது, பலரும் அதையே அள்ளி வைக்கிறார்கள். வெயிலில் மாடு வைக்கோலைத் தொடாமல் தவிட்டுத் தண்ணீரை மட்டும் குடித்தால் அசைபோடுவது குறையும், கொழுப்பும் கூடவே இறங்கும். வைக்கோல், சோளத்தட்டையை வெயில் தாழ்ந்தபின் இரவிலும் விடியலிலும் போடுங்கள். தவிட்டில் சுண்ணாம்புச் சத்து குறைவு. மாட்டுக்குத் தினம் 50 கிராம் தாது உப்புக் கலவை சேருங்கள். காறல் வாடை அடிக்கும் பழைய தவிடு வேண்டவே வேண்டாம்.

இரண்டு வேளை தண்ணீர் காட்டினால் கோடைக்குப் போதாது. கறவை மாடு நாளுக்கு 80 லிட்டர்கூடக் குடிக்கும், தொட்டி எப்போதும் நிறைந்திருக்கட்டும். தகரக் கொட்டகை என்றால் மேலே தென்னங்கிடுகு பரப்புங்கள். முதல் பீச்சுப் பாலைக் கறுப்புத் துணியில் விட்டுப் பாருங்கள். திரி திரியாக இருந்தால் மடிநோய், உடனே கால்நடை டாக்டரிடம் காட்ட வேண்டும்.

மாமியாரை ஆடி வரை பொறுக்கச் சொல்லுங்கள். வெயிலில் வாடி நிற்கும் மாட்டைத் தரகர் இப்போது அடிமாட்டு விலைக்குத்தான் கேட்பார்.