வீங்கிய அணுக்களும் தூரத்து விசையும்: கேள்வி பதில்

கேள்வி (கிளிநொச்சி, உயர்தர மாணவி): ஐயா, அருட்டப்பட்ட, அதாவது உயர்ந்த சக்தி மட்டத்துக்கு ஏற்றப்பட்ட, அணு எவ்வளவு பெரிதாகும்?

பதில்: நீங்கள் படிக்கும் போரின் அணு மாதிரியே இதற்குப் போதும். ஆரை, இலத்திரனின் சக்தி மட்டத்தைக் குறிக்கும் முதன்மைச் சக்திச்சொட்டெண்ணின் வர்க்கத்துக்கு விகிதசமமாதலால், அவ்வெண் 100 ஆகும்போது ஐதரசன் அணுவின் 0.053 நனோமீற்றர் ஆரை ஏறத்தாழ 530 நனோமீற்றராகிறது. அப்போது அணுவின் விட்டம் ஒரு மைக்ரோமீற்றரை எட்டுகிறது. இவையே றிட்பேர்க் அணுக்கள்.

கேள்வி (முல்லைத்தீவு, ஆசிரியர்): நடுநிலையான இரு அணுக்கள் தூரத்திலிருந்து ஒன்றையொன்று எப்படி உணரும்?

பதில்: நடுநிலை அணுக்களிடையே இருக்கும் வலுக்குறைந்த மின்விசையான வழமையான வந்தர்வால் விசைதான், அதன் அளவுதான் வழமைக்கு மாறானது. இடைவினைச் சக்தி தூரத்தின் ஆறாம் அடுக்குக்கு நேர்மாறாகக் குறைகிறது, ஆனால் சக்திச்சொட்டெண்ணின் பதினோராம் அடுக்காக வளர்கிறது. எண்ணை 50இலிருந்து 100 ஆக்கினால் இரண்டாயிரம் மடங்கு. சில சோடி மட்டங்களின் சக்திகள் ஒத்துப்போகும்போது நேர்மாறு மூன்றாம் அடுக்காகவே குறையும். அப்போது இன்னும் தூரம் எட்டும்.

கேள்வி (புதுக்குடியிருப்பு): அருகிலுள்ள இரண்டு அணுக்களை ஒன்றாக அருட்ட முடியாது என்கிறார்களே, ஓர் அணு மற்றதை யானைவேலிபோலத் தள்ளிவிடுகிறதா?

பதில்: இல்லை, இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். வேலி, வந்த யானையைத் திருப்புகிறது. இங்கு இரண்டாவது அணு எங்கும் நகர்வதில்லை. முதல் அணு அருட்டப்பட்டதும், இரண்டும் சேர்ந்து அருட்டப்பட்ட நிலையின் சக்தி இடம்பெயர்ந்துவிடுவதால், முதல் அணுவுக்குப் பொருந்திய அதே லேசரின் மீடிறன் இரண்டாவதுக்குப் பொருந்தாமற் போகிறது. இப்பரிசோதனைகளில் பயன்படும் றூபிடியம் என்ற உலோகத்தின் அணுக்களில் சக்திச்சொட்டெண் 70 அளவில் இந்தத் தடுப்பு ஏறத்தாழ 10 மைக்ரோமீற்றர்வரை எட்டக்கூடும். எந்த அணு அருட்டப்பட்டது என்பதும் வரையறுக்கப்படாது. அந்த ஒரே அருட்டலை எல்லா அணுக்களும் பகிர்ந்துகொள்கின்றன. என் பார்வையில் இதுவே இத்துறையின் மிக அழகான பகுதி. குவாண்டம் கணினியின் தருக்கப் படலைக்கு (கணிப்பின் அடிப்படைச் செயலலகுக்கு) இதைப் பயன்படுத்தலாம் என 2000இல் முன்மொழியப்பட்டது. 2009இல் அமெரிக்காவின் விஸ்கொன்சினிலும் பிரான்ஸின் பலேசோவிலும் இரு குழுக்கள் தனித்தனி அணுச் சோடிகளில் தடுப்பை நிகழ்த்திக் காட்டின.

கேள்வி (வவுனியா): இந்தப் பரிசோதனைகளில் அணுக்களை ஏன் அவ்வளவு குளிர்விக்கிறார்கள்?

பதில்: அறை வெப்பநிலையில் றூபிடியம் அணு ஒரு மைக்ரோசெக்கனில் முந்நூறு மைக்ரோமீற்றர் ஓடிவிடும். 100 மைக்ரோகெல்வினில் அதே நேரத்தில் 0.2 மைக்ரோமீற்றருக்கும் குறைவாகவே நகரும். தூரம் மாறாதிருந்தாற்றான் இடைவினையைத் திருத்தமாக அளக்கலாம்.