ஒளிரும் காந்தத் துகள் ஏன் மங்குகிறது?

கேள்வி: கடலோர ஊரான மண்டபத்திலிருந்து எழுதுகிறேன், எம்.எஸ்சி. வேதியியல் மாணவி. மேக்னடைட் (காந்தம் ஈர்க்கும் இரும்பு ஆக்சைடு) நானோ துகளைத் தயாரித்து அதில் ரோடமின் என்ற ஒளிரும் சாயம் ஏற்றினேன். காந்தத்துக்கு வருகிறது, ஆனால் ஒளிரவே இல்லை. கடல்நீரில் போட்டால் திரிந்த பால் மாதிரி திரண்டு அடியில் தங்கிவிடுகிறது. எங்கே கோளாறு?

பதில்: மேக்னடைட் கன்னங்கரேலென்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் பெரும்பகுதியை அது விழுங்கிவிடும். சாயம் அதன்மேலேயே ஒட்டியிருந்தால், வாங்கிய ஆற்றலை ஒளியாக விடுவதற்குள் மேக்னடைட்டிடம் பறிகொடுத்துவிடும். சாயத்தைக் கூட்டியும் பயனில்லை; நெருக்கியடித்தால் சாய மூலக்கூறுகளே ஒன்றின் ஒளியை இன்னொன்று மங்கச் செய்யும்.

இரண்டுக்கும் நடுவே சிலிக்கா உறை போடுங்கள். சிட்ரேட் பூசிய மேக்னடைட்டை எத்தனாலும் நீரும் கலந்த கரைசலில் பரப்பி, அமோனியா சேர்த்து, சிலிக்காவாக மாறும் டெட்ராஈதைல் ஆர்த்தோசிலிக்கேட்டைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். 1968-இல் ஸ்டோபர் குழு வெளியிட்ட முறைதான் இதற்கு அடிப்படை. ஒரே மூச்சில் ஊற்றினால் உள்ளே மேக்னடைட் இல்லாத வெறும் சிலிக்கா உருண்டைகள் தனியே உருவாகும். அவை சாயத்தைப் பிடித்துக்கொண்டு ஜோராக ஒளிரும், காந்தத்துக்குத்தான் அசையாது! முதல் உறையில் சாயம் வேண்டாம். அது 10 நானோமீட்டராவது இருக்கட்டும். அப்புறம் ரோடமின் பி ஐசோதயோசயனேட்டை (பிணையக்கூடிய ரோடமின் வடிவம்), சிலிக்காவில் ஒட்டிக்கொள்ளும் அமினோபுரோப்பைல் சிலேனோடு பிணைத்து இரண்டாம் உறையில் சேருங்கள். வெறும் ரோடமினில் ஊறவைத்தால் கழுவக் கழுவப் போய்விடும்.

குப்பியின் பக்கவாட்டில் நியோடிமியம் காந்தத்தை வைத்துச் சோதியுங்கள். காந்தத்தருகே சேரும் திட்டு ஒளிர வேண்டும், தெளிந்த நீர் ஒளிரக் கூடாது. நீரும் ஒளிர்ந்தால் கழுவியது போதவில்லை, அல்லது அந்த வெறும் உருண்டைகள். புற ஊதா விளக்கைவிடப் பச்சை எல்.இ.டி.யும் ஆரஞ்சு வடிகட்டியும் ரோடமினுக்குப் பொருத்தம்.

கடல்நீருக்கு வருவோம். லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. துகள்களை விலக்கி வைக்கும் மின்சுமையை அது மறைத்துவிடுவதால்தான் திரள்கின்றன. மேலே பாலிஎத்திலீன் கிளைக்கால் சிலேன் பூசினால் பெருமளவு தாங்கும். கடல்நீரின் காரத்தன்மையில் சிலிக்கா மெல்லக் கரையும். அதனால் துகள்களை எத்தனாலில் சேமித்து வையுங்கள்.

உங்கள் ஊர் நீரில் பாசித் துணுக்கு இல்லாமல் இருக்காது. பச்சையமும் 680 நானோமீட்டர் அருகே சிவப்பாக ஒளிரும், ரோடமினோ 580 பக்கம். துகள் போடாத அதே நீரையும் அளந்து ஒப்பிடுங்கள்.

சோதித்த நீரைக் கடலில் கொட்டாதீர்கள். துகள்களைக் காந்தத்தால் பிரித்தெடுத்து, ஆய்வகக் கழிவுக் கலனில் சேருங்கள்.